ஒரு பலகையில் இரண்டு ஊர்

விழுப்புரம் ஜங்ஷனில் நான் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது கிடைத்த குவார்ட்டர்ஸில் ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, அவ்வளவுதான். அறை பத்தடிக்கு எட்டடி. ஒரு சுவரோரம் கட்டில், எதிர்ச் சுவரோரம் என் மனைவியின் பெரிய தகரப் பெட்டி. நடுவில் ஒருவர் நடக்கலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வழி விடவேண்டும். 'கிராசிங்' என்று நான் சொல்வேன். அவள் சிரித்ததில்லை. கல்யாணமாகி நான்கு வருஷம், குழந்தை இல்லை. இரண்டு பேருக்கு அந்த இடம் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஓர் ஐப்பசியில் திண்டிவனத்திலிருந்து ஆள் வந்தது. வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் வரப்பு வழுக்கி விழுந்து என் மாமனாருக்குக் கால் முறிந்துவிட்டது. மாமியார் காலமாகி வெகு நாளாயிற்று. மச்சினன் மனைவி கைக்குழந்தைக்காரி. ஆகவே இவள் போய்ப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம்.

அவள் புறப்பட்ட அன்று நான் டியூட்டியில் இருந்தேன். அந்தப் பாசஞ்சர் புறப்பட அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர் வாங்கியவனே நான்தான். பெண்கள் பெட்டி என் அறையிலிருந்து இருபது தப்படி தூரம். எழுந்து போய் ஜன்னலோரம் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டியூட்டி நேரத்தில் சொந்தக் காரியம் கூடாது என்பது என் கொள்கை, அந்த வயசில் எனக்குக் கொள்கை என்றால் உயிர். வண்டி என் ஜன்னலைக் கடந்தபோது நான் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேனா என்று ஞாபகமில்லை. பார்த்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து காலை டியூட்டி முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பூட்டைத் திறக்கிற சத்தம் பெரிதாகக் கேட்டது. என் வேலையில் பேச்சு குறைவு. பக்கத்து ஸ்டேஷனோடு மணியடித்துத்தான் பேசவேண்டும். முண்டியம்பாக்கத்தில் இருந்தவரோடு வருஷக்கணக்காக நாளுக்கு இருபது தடவை மணியில் பேசியிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. அது எனக்குக் குறையாகப் பட்டதும் இல்லை. இப்போது வீட்டிலும் பேச ஆளில்லாமல் போனதும் என்னவோ குறைந்தது. பசி என்று நினைத்து ஓட்டலில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். பசி இல்லை.

ஒன்றரை மாதம் போயிற்று. அவளுக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன். 'அங்கு வேலை எப்போது முடியும், எந்த வண்டியில் வருகிறாய் என்பதைத் தெரிவிக்கவும்.' வேறொன்றும் எழுதவில்லை. கார்டில் பாதி வெள்ளையாகவே போயிற்று.

பதில் வரவில்லை. இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி விடுகிறவனுக்கு ஒரு விதி உண்டு. அடுத்த ஸ்டேஷனை மணியடித்துக் கேட்கவேண்டும். அங்கே இருப்பவர் சம்மதித்தால்தான் இங்கே இருக்கிற பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பந்து விழும். அதுதான் டோக்கன். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தமாட்டார். பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டவர்கள் கதை எங்கள் இலாகாவில் எல்லோருக்கும் தெரியும். நானும் கேட்டாயிற்று, இனி அவள் முறை என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் படம் என் கையில் கிடைத்தது. முதல் வகுப்பு வெயிட்டிங் ரூமில் எந்தத் துரையோ விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகை. அதில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு மச்சு முழுக்க விளையாட்டு ரயில் போட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தார். மலை, பாலம், ஏழெட்டு ஸ்டேஷன். மச்சே என் குவார்ட்டர்ஸைப்போல மூன்று பங்கு இருக்கும். பார்த்ததும் எரிச்சல் வந்தது. பிறகு, அறையில் பாதி இப்போது காலிதானே என்று தோன்றியது.

பார்சல் ஆபீஸில் உடைத்துப் போட்ட மரப்பெட்டிகளை வாங்கி ஆறடிக்கு மூன்றரை அடியாகப் பலகை சேர்த்தேன். வைக்க இடம்? ஒரு பக்கம் மண்ணெண்ணெய்ப் பெட்டி முட்டுக் கொடுத்தது, இன்னொரு பக்கம் என் மனைவியின் தகரப் பெட்டி. உயரம் வெட்டி வைத்தாற்போல் சரியாக இருந்தது. அவள் பெட்டியின்மேல் வைக்கிறோமே என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பலகை ஆடாமல் நின்றதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

தண்டவாளத்துக்குக் குடைக்கம்பி. குடை ரிப்பேர்க்காரரிடம் செத்த குடைகளாகப் பார்த்து வாங்கிவந்தேன். கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சினால்தான் கம்பி வளையும். வளைத்த கம்பியைத் தலை நறுக்கிய குண்டூசியால் பலகையில் பிடித்து, குறுக்கே தீக்குச்சியை வச்சிரம் போட்டு ஒட்டினேன். இன்ஜினுக்குள் ஓடாத டைம்பீஸ் ஒன்றின் சாவியும் பற்சக்கரமும். சக்கரங்களுக்குத் தையல்கடை நூல்கண்டுக் கட்டைகளை அறுத்துக்கொண்டேன். ஓரத்தில் விளிம்போடு இருப்பதால் ரயில் சக்கரத்துக்கு அதைவிடத் தோதான சாமான் கிடையாது. பெட்டிகள் சிகரெட் தகரத்தில் செய்தவை.

என் திட்டமென்னவோ பெரியது. விழுப்புரம், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம், அத்தனையும் வரவேண்டும் என்று காகிதத்தில் போட்டேன். பலகையில் வைத்துப் பார்த்தால் ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு சாண் இல்லை. முதலில் பேரணி போயிற்று, அப்புறம் விக்கிரவாண்டி. வளைவு சிறியதாகையால் இன்ஜின் திரும்பும்போதெல்லாம் கவிழ்ந்தது. இன்ஜினை வெட்டிக் குட்டையாக்கினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் மிஞ்சியது ஒரு நீள்வட்டமும் ஒரு பிளாட்பாரமும். ஒரு வளைவின்மேல் மயிலம் மலை. பழைய காகிதத்தைக் கஞ்சியில் ஊறவைத்துச் செய்தேன். நிஜத்தில் அந்த மலையைக் குடைந்துகொண்டு ரயில் போவதில்லை. இங்கே வளைவை மறைக்க வேறு வழியில்லாமல் குடைந்துவிட்டேன்.

ஒரு பிளாட்பாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஊருக்கு என்ன செய்வது? நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு ஊர்ப் பெயர்ப் பலகையை ஒரு ஆணியில் சுழலும்படி நிறுத்தினேன். ஒரு பக்கம் விழுப்புரம், மறுபக்கம் திண்டிவனம். விழுப்புரத்திலிருந்து வண்டி புறப்படும். மலைக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் பலகையைத் திருப்பிவிட்டால் வந்து நிற்பது திண்டிவனம். முதல் தடவை அது சரியாக நடந்தபோது கைதட்டிவிட்டேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. யாரிடமாவது காட்டவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. யாரைக் கூப்பிடுவது? கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப ஓட்டினேன்.

இதற்கு நடுவே, தபால் கார்டு எழுதி ஒரு வாரத்துக்கெல்லாம், ஒரு காரியம் நடந்திருந்தது. அதன் அர்த்தம் எனக்கு விளங்க ஏழு மாதம் ஆயிற்று.

பாசஞ்சர் வண்டியில் கொடி காட்டுகிற கார்டு ஒருவர், எனக்கு மூத்தவர், நல்ல மனுஷர். அவர் ஒரு பித்தளைத் தூக்கைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். திண்டிவனம் பிளாட்பாரத்தில் என் மனைவி வந்து கொடுத்தாளாம். திறந்தால் கேப்பை அடை, மேலே ஒரு உருண்டை வெல்லம். அடை இன்னும் மெத்தென்று இருந்தது. நின்றபடியே தின்றேன். நன்றாக இருந்தது என்று சொல்லியனுப்பக்கூடத் தோன்றவில்லை. தூக்கைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவித் துடைத்து மறுநாள் கார்டிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தரம் தூக்கு வந்தது. ஒரு தடவை மல்லாட்டை உருண்டை, ஒரு தடவை எலுமிச்சை ஊறுகாய், பொங்கலுக்குக் கரும்புத் துண்டும் பச்சரிசியும். ஒவ்வொரு தடவையும் நான் கழுவித் துடைத்து மறுநாளே அனுப்பினேன். காலி வேகனை வந்த இடத்துக்கு உடனே திருப்பியனுப்புவது ரயில்வேயில் ஒழுங்கான ஸ்டேஷனுக்கு அடையாளம். என்னைப்போல் ஒழுங்கானவன் யார்?

மாசி வாக்கில் ஒரு தூக்கு வந்தபோது என் பலகையில் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. விழுப்புரம் ஷெட்டில் இன்ஜினை நிறுத்தி அப்படியே திருப்புகிற பெரிய வட்ட மேடை ஒன்று உண்டு. அது இல்லாமல் என்ன விழுப்புரம்? தகரத்தில் வட்டம் வெட்டிப் பார்த்தேன், கோணிக்கொண்டது. கையில் இருந்த தூக்கு மூடியைப் பார்த்தேன். தட்டையாக, வட்டமாக, விளிம்போடு, கடவுளே செய்து அனுப்பியது மாதிரி இருந்தது. நடுவில் ஆணியடித்து ஓட்டை போட்டுப் பலகையில் பொருத்தினேன். அற்புதமாகச் சுழன்றது. வட்டமாகவே ஓடுகிற இன்ஜினைத் திருப்பவேண்டிய அவசியமே கிடையாது. அந்த மேடைக்கு என் ரயிலில் ஒரு வேலையும் இல்லை. அழகுக்கு வைத்தேன். தூக்கை மூடி இல்லாமல் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த தடவை தூக்கு துணியால் வேடு கட்டி வந்தது. மூடி எங்கே என்று அவள் கேட்டனுப்பவில்லை. கார்டு மட்டும் ஒரு தரம், சாருக்கு உடம்பு சௌக்கியமா என்று வீட்டம்மா விசாரித்தார்கள் என்றார். சௌக்கியம் என்று சொல்லுங்கள் என்றேன்.

சித்திரைக்குப் பிறகு தூக்கு வரவில்லை.

முதலில் கார்டு லீவில் இருப்பார் என்று நினைத்தேன். லீவில் இல்லை. அடுத்த தடவை அவர் வண்டி வந்தபோது வேலையை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். கையை விரித்தார். வைகாசி முழுக்க அப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாவி முடுக்கி, விழுப்புரத்திலிருந்து வண்டி விட்டுத் திண்டிவனத்தில் வாங்கினேன். ஒரு நாளைக்கு முப்பது வண்டி விட்டிருப்பேன். இறங்க ஆளில்லாத வண்டிகள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அவள் வராமலே போய்விட்டால்? இந்தக் கேள்வியை நான் அதுவரை என்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. மறுபடி ஒரு தபால் கார்டு எழுத உட்கார்ந்தேன். முதல் கார்டுக்கே பதில் வரவில்லையே என்று பேனாவை மூடிவைத்தேன்.

ஆனியில் ஒருநாள் அந்த வண்டி கார்டு பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அங்க ஊர்ல ஒரு மாதிரியா பேசிக்கினு இருக்காங்க. நீங்க அவங்கள தள்ளி வச்சிட்டீங்களாம்."

யார் சொன்னது என்றேன். நான் தபால் கார்டு போட்டேனே, அவள்தான் பதில் எழுதவில்லை என்றேன். அவர் கொடியைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்.

"அவங்களுக்கு எழுதத் தெரியாதே, எழுதணும்னா அண்ணங்கிட்ட சொல்லித்தான எழுதணும் சார்? எம் புருஷன் எப்ப வந்து கூட்டிக்கினு போவாருன்னு அண்ணன வச்சா எழுதச் சொல்வாங்க? அதான் தூக்கு அனுப்பிச்சாங்க. நான்தான எடுத்தாந்தேன். நீங்க ஒரு தபாவாச்சும் அதுல எதனா வச்சி அனுப்புவீங்கன்னு நானும் பாத்துக்கினே இருந்தேன்."

அவர் போய்விட்டார். வண்டி கிளம்பிவிட்டது. வந்த தூக்கை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அண்டை வீட்டுக் கிண்ணத்தைக்கூட ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் திரும்பினால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். என் அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நான் ஏழெட்டுத் தடவை காலியாக, அதுவும் பளபளவென்று தேய்த்து, கடைசியில் மூடியையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன். கேட்கவேண்டிய கேள்வியை அவள் தூக்கு வழியாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். அவமானத்தில் அன்று ரிஜிஸ்டரில் இரண்டு இடத்தில் தப்பாக எழுதினேன்.

அந்த வார ஓய்வு நாளில் திண்டிவனத்துக்கு வண்டி ஏறினேன். ஒன்றரை மணி நேரப் பயணம். யுத்த காலம், லீவு கிடையாது என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாரா வாரம் ஓய்வு நாள் வந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, காகிதத்தில் பெயராக மட்டும் போட்டிருந்த ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முண்டியம்பாக்கத்தில் ஒல்லியாக ஒருவர் கொடியோடு நின்றார். வருஷக்கணக்காக என்னோடு பேசியவர் அவராகத்தான் இருக்கவேண்டும். கூப்பிடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மயிலம் மலை என் பலகையில் இருந்ததுபோல் தண்டவாளத்தை ஒட்டி இல்லை, எட்டத்தில் இருந்தது. இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு தடவையும் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் வெற்றிலை பாக்கும், ஒரு சீப்பு வாழைப்பழமும், இரண்டு முழம் கதம்பமும் வாங்கிக்கொண்டு போனேன். மாமனார் கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தார். வாங்க என்றார், மறுபடி நடக்கத் தொடங்கினார். மச்சினன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் தாழ்வாரத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். இளைத்திருந்தாள். சொல்வதற்கு வழி முழுக்க யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. போகலாமா என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா நடக்க ஆரம்பிச்சி ரெண்டு மாசம் ஆவுது" என்றாள். "கூட்டிக்கினு போக யாரும் வரல."

சாயங்கால வண்டியில் இருவரும் திரும்பினோம். அவள் மடியில் ஒரு துணி மூட்டை, கையில் அந்தத் தூக்கு, வேடு கட்டியபடி. வழியில் நான் சன்னமாக ஒன்றிரண்டு விஷயம் சொன்னேன், ம் என்றாள்.

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்ததும் அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே நுழைய வழியில்லை. பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டு நடக்க நான் பழகியிருந்தேன். அவள் பாய் விரிக்கிற இடத்தில் மயிலம் மலை இருந்தது. அவள் பெட்டி பலகைக்கு அடியில் கிடந்தது. மாற்றுப் புடவை எடுக்கவேண்டுமென்றால் முழு ரயிலையும் தூக்கவேண்டும்.

வேறென்ன செய்வது என்று தெரியாமல் சாவியை முடுக்கி வண்டியை விட்டேன். எட்டு மாதமாக யாருக்காவது காட்டவேண்டும் என்று ஏங்கிய ரயில். இது விழுப்புரம் என்றேன். வண்டி மலைக்குள் போயிற்று. பெயர்ப் பலகையைத் திருப்பினேன். வெளியே வந்து நின்றது. இது திண்டிவனம் என்றேன்.

அவள் பெயர்ப் பலகையை விரலால் மெல்லத் திருப்பினாள். விழுப்புரம். மறுபடி திருப்பினாள். திண்டிவனம்.

"ரெண்டும் இவ்ளோ கிட்டதான் இருக்குதுன்னு தெரிஞ்சுதானே செஞ்சிருக்கீங்க" என்றாள். "அப்பவும் வரணும்னு தோணலையா?"

அவள் மூலையில் இருந்த மூடியைப் பார்த்துவிட்டாள். குனிந்து அதை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு ஆணியைப் பிடுங்கி மூடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது. அழுதாளா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். மலை உடைந்து கொட்டியது. அவள் பெட்டிமேல் படிந்திருந்த தூசியை என் வேட்டி முனையால் துடைத்து, பெட்டியை அதன் பழைய இடத்தில் தள்ளி வைத்தேன்.

அப்புறம் முப்பத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். நான்கைந்து ஊர் மாறினோம், பெரிய வீடுகளும் கிடைத்தன. பலகை சமையலறையில் சாமான் வைக்கிற தட்டாயிற்று. அடியில் தீக்குச்சிகள் ஒட்டிக்கொண்டே இருந்தன. அவள் அந்த நாட்களைப் பற்றிப் பேசியதில்லை, குத்திக் காட்டியதும் இல்லை. தூக்கு மட்டும் புழக்கத்தில் இருந்தது. எனக்கு டியூட்டிக்கு அதில்தான் சாப்பாடு வரும். மூடியின் நடு ஓட்டை வழியாகக் குழம்பு சிந்திச் சட்டையெல்லாம் கறை. தெருவில் ஈயம் பூசுகிறவர் வரும்போதெல்லாம் அடைத்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்பேன். அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"வேணாங்க. இருக்கட்டும்."

அவள் போய் இப்போது ஆறு வருஷமாகிறது. தூக்கு சமையலறை ஆணியில் தொங்குகிறது. எதிர்வீட்டிலிருந்து எப்போதாவது கிண்ணத்தில் ஏதாவது வரும். இரண்டு வெற்றிலையாவது வைத்துத்தான் திருப்பிக் கொடுக்கிறேன்.